நாற்காலி ஆறக் கூடாது

பீரோவைச் சாய்த்தது வேல்குமார்தான். பூகம்பமும் இல்லை, பூனையும் இல்லை. நாலு பேர் சேர்ந்து நகர்த்த வேண்டிய இரும்பு பீரோவுக்கு, 'இதென்ன பெரிய வேலை' என்று தனியாளாகத் தோள் கொடுத்தான். அது ஒரு பக்கம் நொண்டி, கொஞ்சம் யோசித்து, அவன் காலைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் விழுந்தது. தண்ணீர் கேன் போயிற்று. கம்ப்யூட்டர் கீபோர்டு போயிற்று. காலண்டரில் சிரித்துக்கொண்டிருந்த முருகன் வேலோடு தரைக்கு வந்தார். தெருமுனை பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எட்டிப் பார்த்தார்கள்.

பீரோ நின்ற இடத்தில் ஒரு கதவு இருந்தது.

திருப்பூர் நல்லூரின் அந்தப் பழைய அரசுக் கட்டடத்தை அவன் அங்குலம் அங்குலமாக அளந்தவன். வாடகைக் கட்டடங்களில் துறைக்கு ஒரு பூட்டு தொங்குவதை ஒழித்து, இருக்கிற கட்டடத்தையே எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது என்ற திட்டத்துக்குக் கட்டடப் பிரிவில் அவன்தான் ஆள். ஒரே கூடத்தில் காலையில் அங்கன்வாடி, மதியம் தொழிலாளர் நலவாரியக் கவுன்ட்டர், சாயந்திரம் தையல் பயிற்சி. யோசனை அவன் அப்பா நாச்சிமுத்துவிடமிருந்து வந்தது. அவர் நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டியவர். பகல் ஷிப்ட்காரன், நைட் ஷிப்ட்காரன் வந்து நிற்காமல் மெஷினை விட்டு நகரக் கூடாது; மெஷின் நின்றால் துணியில் கோடு விழும். "மெஷினுக்கு ஆகறது நாற்காலிக்கு ஆகாதா? நாற்காலி ஆறக் கூடாதுங்க!" என்று அவன் மீட்டிங்கில் பேசியதிலிருந்து ஆபீஸ் முழுக்க அவனுக்கு 'ஷிப்ட் சார்' என்று பெயர்.

விழுந்த வேகத்தில் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்திருந்தது. தள்ளினான்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. தரையில் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. நடுவில், கதவைப் பார்த்தபடி, கை வைத்த ஒரு பழைய நாற்காலி. பச்சை பிளாஸ்டிக் ஒயரில் பின்னியது. இருக்கை குழிந்திருந்தது. அதன் மேல் மட்டும் தூசி இல்லை.

அப்போதே கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் கணக்கில் வராத ஓர் அறை கிடைத்த சந்தோஷத்தில் வேல்குமாருக்கு வாரிசில்லாத சொத்து வந்த மாதிரி இருந்தது. உள்ளே போய், தொப்பென்று உட்கார்ந்து, எதிரே யாரோ இருப்பது போலக் கும்பிட்டு, "பொறுப்பேத்துக்கிட்டேனுங்க" என்றான்.

நாற்காலி சூடாக இருந்தது. வெயிலின் சூடு அல்ல. பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் அந்த சீட்டில் உட்காரும்போது தொடையில் ஏறுமே, அந்தச் சூடு. காதோரமாக, வெகுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ விட்டது போலிருந்தது. தேங்காய் எண்ணெயும் ஈரத் தலைமுடியும் கலந்த ஒரு வாசனை அவனைக் கடந்து வெளியே போனது.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மூக்கம்மாள் வாசல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்து, துடைப்பத்துக்கு மாறியவள்.

"உள்ள இருந்த அம்மா யாரு சார்?"

"எந்த அம்மா?"

"இப்பத்தான போனாக. முந்தானைய ஒரு பக்கமா இழுத்துப் போத்திக்கிட்டு, இடது கையாலயே கேட்டைத் தொறந்து, ஓட்டமும் நடையுமா போறாக. திரும்பிக்கூடப் பாக்கல."

"நலவாரியத்துக்கு வந்தவங்களா இருக்கும்," என்றான் வேல்குமார். எதற்கும் ஒரு துறையைச் சொல்லிவிட்டால் மனசு அடங்கும் என்பது அவன் அனுபவம்.

சூப்பிரண்டு சாமியப்பன் அவனுக்கு மேலதிகாரி. தன் சர்வீஸில் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாமலே ஓய்வை எட்டப் போகிற மனிதர். பெட்டிஷன் கொடுக்க வந்தவர்கள் அவருடைய 'பாத்துக்கலாமுங்க'வை வாங்கிக்கொண்டு, எதையோ சாதித்த முகத்தோடு வீடு திரும்புவார்கள். அவரிடம் கேட்டான். "ஏனுங்க சார், அந்த ரூம் எதுக்குங்க இருந்துச்சு?"

"பாத்துக்கலாமுங்க," என்றவர், டீ கிளாஸைப் பாதியில் நிறுத்தினார். "நீங்க... அதுல உக்காந்தீங்களா?"

"சும்மா ஒரு நிமிசமுங்க."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். அதற்கு அப்புறம் எடுக்கவே இல்லை.

வேல்குமார் அந்த அறையைத் தனக்கே ஒதுக்கிக்கொண்டான், தற்காலிகமாக. அரசாங்கத்தில் தற்காலிகம் என்றால் எத்தனை உறுதியான சொல் என்பது அவனுக்கும் தெரியும். மகளுக்காகத்தான் செய்தான். சத்யா ஒன்றாம் வகுப்பு. பள்ளி வேன் அவளை ஆபீஸ் வாசலிலேயே இறக்கிவிடும். அவன் மனைவி விஜயராணி வீரபாண்டியில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். ஷிப்மென்ட் சமயத்தில் அவள் எப்போது வருவாள் என்பது முருகனுக்கே தெரியாது. அதுவரை பிள்ளை கூடத்தில் அங்கன்வாடிப் பாயில் உட்கார்ந்து படம் வரைவாள். உள்ளறை நாற்காலியிலிருந்து பார்த்தால், திறந்த கதவு வழியாக அவளுடைய சிவப்பு ரிப்பன் தெரியும். அது போதும் அவனுக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நிட்டிங் யூனிட். பகலும் இரவும் ஓயாத 'கிர்ர்' சுவர் வழியாக வந்து, நாற்காலிக் கால்களில் ஏறி, முதுகெலும்பில் முடியும். முதல் இரண்டு நாள் அது தாலாட்டாக இருந்தது. பிறகு அதற்குள் வேறொரு தாளம் கேட்க ஆரம்பித்தது. இழுத்து, நிறுத்தி, விட்டு. தன்னுடைய மூச்சுதான் என்று கண்டுபிடித்துச் சிரித்தான். மெஷினும் அவனும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயந்திரம் எழுந்திருக்கக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. அரசு ஊழியன் நாற்காலியை விட்டு எழ மாட்டான் என்பது ஊரே சொல்லிச் சிரிக்கிற ஜோக். அவனும் சிரித்துக்கொண்டே கைப்பிடியை ஊன்றி எழுந்தான். சட்டை முதுகில் எங்கோ மாட்டி, 'டிக்' என்று ஒரு நூல் அறுந்தது.

பேக்கரிக்குப் போனான் ஒரு நாள். தேங்காய் பன்னும் டீயும் சொன்னது நினைவிருக்கிறது. அடுத்த நினைவில் கையில் பன் இருந்தது, கடித்த வாயில் தேங்காய் இருந்தது, கீழே பச்சை ஒயர் இருந்தது. நடுவில் ரோடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விஜயராணி உலுக்கினாள். "என்னங்க, லீவு நாள்ல ஷூவைப் போட்டுட்டு எங்க கிளம்பறீங்க?" அவன் பைக்கில் உட்கார்ந்திருந்தான், சாவி போட்டு. அதற்கும் ஒரு ஜோக் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் சாமியப்பனைப் பிடித்தான். "சார், அந்த நாற்காலியை ஏலத்துல தள்ளிரலாமுங்களா?"

"பாத்துக்கலாமுங்க." அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய வலது முழங்கையைப் பார்த்தார். சட்டைத் துணியில் பச்சையாக ஏதோ ஓடியிருந்தது. சாயக்கறை என்று அவன் நினைத்தான். திருப்பூரில் எதுவும் சாயக்கறையாக இருக்கலாம்.

அன்றைக்குத்தான் சத்யா முதல்முறையாக உள்ளே வந்தாள்.

"அப்பா, நீங்க எந்திரிங்க. நான் சார். நீங்க மனு குடுங்க."

"அப்புறம், கண்ணு."

"ஒரே ஒரு தடவை!" என்று நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தாள்.

உடனே அவனுக்கு உடம்பு லேசாயிற்று. பனியனில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாக அவிழுமே, அப்படி. தோள், முதுகு, இடுப்பு, எல்லாம் அவிழ்ந்தது. எத்தனையோ நாளாகத் தூக்கி நின்ற மூட்டையை வாங்கிக்கொள்ள ஒருவர் வந்த நிம்மதி. கண்ணில் நீர் வந்தது. அவன் ஏறக்குறைய எழுந்துவிட்டான்.

அப்போது அவள் முகத்தைப் பார்த்தான். தூக்கம் வந்த குழந்தை போல அவள் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. கை கைப்பிடியிலேயே இருந்தது.

தட்டிவிட்டான். பலமாக. பிள்ளையை அவன் அடித்தது அதுதான் முதல் தடவை. அவள் உதடு பிதுங்கி, அழாமல், வெளியே போனாள். மொத்த பாரமும் திரும்ப வந்து அவன் மேல் உட்கார்ந்தது.

அன்று எழுந்து வீடு போக வெகுநேரமாயிற்று. நாளைக்கு இந்தப் பக்கமே வருவதில்லை, லீவு, மெடிக்கல் லீவு, கோயமுத்தூருக்கே மாற்றல் என்று முடிவு செய்துகொண்டு படுத்தான்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது எதிரே கதவு இருந்தது. கதவுக்கு அப்பால் அங்கன்வாடிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. கார்த்திகை மழை, சாயந்திரம் வருவதற்குள் இருட்டைக் கொண்டுவந்துவிடும். தையல் வகுப்புக்கு யாரும் வரவில்லை. வேன் வந்தது, சத்யா இறங்கினாள், நனைந்த பையோடு பாயில் உட்கார்ந்தாள். அவள் அம்மாவுக்கு போன் செய்யலாம். போன் பேன்ட் பையில் இருந்தது. கை பைக்குப் போகவில்லை.

பிறகு கரண்ட் போயிற்று.

நிட்டிங் மெஷின் நின்றது. இத்தனை நாளில் முதல் தடவை. அந்த அமைதி காதை அடைத்தது. அதற்குள் ஒரு சத்தம். மிகச் சின்னது. ஊசி ஒன்று நூலை வளைத்து, இன்னொரு வளையத்துக்குள் விடுகிற சத்தம். டிக். டிக்.

சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை.

இடது கையால் வலது கையைத் தடவினான். சட்டை. சட்டைக்குள் ஒயர். வளையத்துக்குள் வளையம். எது துணி, எது பின்னல், விரலுக்குத் தெரியவில்லை. இன்னும் கீழே. எது தோல். அதுவும் தெரியவில்லை.

"அப்பா?"

"அங்கேயே இரு, கண்ணு."

"இருட்டா இருக்குது."

"அப்பா இங்கதான் இருக்கறேன்."

"உங்க மடிக்கு வாரேன்."

"வராதே!"

பிஞ்சுக் காலடி நின்றது. மறுபடி வந்தது. அவன் உடம்பு அதைக் கேட்டது. அவன் விரும்பாமலே தோள் லேசாயிற்று. வா, என்றது உடம்பு. வா கண்ணு. வந்து உட்கார்.

வாசலில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. சாமியப்பன் வந்தார், குடையில்லாமல், தலையெல்லாம் நனைந்து. பின்னால் மூக்கம்மாள்.

"புள்ளையத் தூக்குங்க!" என்றான் வேல்குமார். அது அவன் குரலாகவே இல்லை. மூக்கம்மாள் ஓடிவந்து சத்யாவை இடுப்பில் வாரிக்கொண்டாள். பிள்ளை திமிறினாள்.

டார்ச் வெளிச்சம் அவன் கையில் பட்டது. சாமியப்பன் உடனே டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டார்.

"இழுத்துப் பாருங்க சார். ரெண்டு பேருமா புடிச்சு இழுத்தா..."

"உங்களுக்கு முன்ன இதுல உக்காந்திருந்த அந்தம்மாவை இழுத்துப் பாத்தமுங்க," என்றார். "கை வந்துச்சு. ஆள் வரல."

இடது கையாலேயே கேட்டைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடியவள். வேல்குமாருக்குச் சிரிப்பு வந்தது, எப்படியோ. பொறுப்பை ஒப்படைக்க ஆள் வரும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒழுங்கான ஊழியர்.

"அப்பா மடிக்குப் போறேன், விடுங்க!" சத்யா மூக்கம்மாளின் தோளைக் கடித்தாள். கதவு திறந்திருக்கும் வரை அவள் வருவாள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. அப்பா இருக்கிற இடத்துக்கு வராமல் எந்தப் பிள்ளை இருக்கும்?

"பீரோவைப் போடுங்க சார்," என்றான்.

சாமியப்பன் பீரோவைத் திரும்பிப் பார்த்தார்.

"போடுங்க. நான் சாய்ச்சது. நீங்க திரும்ப அங்கயே வையுங்க."

காலி பீரோ சுவரோரமாகத்தான் நின்றது. அவர் அதற்குத் தோள் கொடுத்த விதம் பழக்கப்பட்ட ஆளுடையது. இரும்பு தரையில் கீறிக்கொண்டு வந்தது. கதவளவு வெளிச்சம் ஒரு சாண் ஆயிற்று. அழுகைச் சத்தம் தேய்ந்தது.

"சார். ஒண்ணே ஒண்ணு. பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லிறாதீங்க."

பீரோ நின்றது.

"எனக்கு மாத்து ஆள் எப்பங்க வருவாங்க?"

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் இருமினார். பிறகு சொன்னார், தெளிவாக.

"வர மாட்டாங்க, வேலு. நான் உசுரோட இருக்கற வரைக்கும் யாரையும் விட மாட்டேன்."

வெளிச்சம் நூலாகி, அறுந்தது.

இருட்டு. டிக். டிக். வெளியே மூக்கம்மாள் "ஏத்தா, அங்க போகாத!" என்று கத்துவது எங்கோ கேட்டது. பீரோவுக்கு அடியில், விரற்கடை இடைவெளியில், ஏதோ உரசியது.

நான்கு சின்ன விரல்கள். தூசியைத் தடவி, தடவி, நாற்காலியின் காலைத் தேடி வந்தன.

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். கால் வரவில்லை.

அவனுடைய வலது தோளில், மெதுவாக, பின்னலின் ஒரு கண்ணி அவிழ்ந்தது.