ஒட்டுத் தெரியாத பாட்டு

பாட்டை நிறுத்திய பிறகும் லோகாவின் கால் நிற்கவில்லை.

சாயங்கால நேரம். அடுப்படியில் லோகேஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நெத்திலி பொரித்த வாசனை இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. வெளியே மழைக்கு முந்திய புழுக்கம், துறைமுகத்துக்குப் போகும் லோரிகளின் இரைச்சல், பக்கத்து வீட்டில் தனலெட்சுமி ஆன்டி வாளியை உருட்டும் சத்தம். கூடத்தில் தன் புதுப் பாட்டை ஓடவிட்டிருந்த குகன், போன் வந்ததும் அதை அணைத்துவிட்டுப் பேசினான். பேசி முடித்து நிமிர்ந்தால், அத்தனை சத்தத்துக்கும் அடியில் இன்னொன்று கேட்டது. சிமெண்டுத் தரையில் வெறுங்கால். டக், டகடக், டக்.

பாட்டுக்குக் கால் தட்டுவது யாருக்கும் வருவதுதான். ஆனால் குகன் காதை வைத்துப் பிழைக்கிறவன். மனுசன் தட்டினால் கொஞ்சமாவது முன்னே பின்னே போகும், எப்பேர்ப்பட்ட மேளக்காரனுக்கும் போகும். இந்தக் கால் போகவில்லை. அவன் கணினியில் வைத்த தாளம் எப்படியோ அப்படியே விழுந்துகொண்டிருந்தது.

"என்ன லோகா, பாட்டு அவ்ளோ பிடிச்சுப்போச்சா?"

"எந்தப் பாட்டு?" என்றாள் அவள், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்டாட்டியின் காலிலேயே ஏறிவிட்டதென்றால் பாட்டு தப்பாது என்று நினைத்துக்கொண்டான். பாவம், தப்பாது என்பது மட்டும் சரிதான்.

இந்த மனுசனுக்கு அது வாழ்க்கையில் முதல் வெற்றி. பண்டமாரானில் பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே பழைய கணினியில் பாட்டுகளை வெட்டி ஒட்டிக் கல்யாண டிஜேக்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவன். பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே அறை எடுத்து, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, ஸ்டூடியோ என்று பலகை மாட்டினான். மண்டபத்துக்குள் மாப்பிள்ளை நுழையும்போது அதிர்கிற பாட்டில் பாதிக்கு மேல் அவன் கைவேலை. ஆனால் பிரியாணிக்கு வரிசையில் நின்றால் அவனை ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்த தொழில்காரர்கள் சொல்வது ஒன்றே ஒன்று: குகன் ஒட்டின இடத்தை எந்தக் கொம்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

புதுப் பாட்டு பிறந்தது உறுமியிலிருந்து. போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு சின்னக் கோயில் திருவிழா. நாகையா என்கிறவரின் உறுமி மேளம். பகலில் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிற மனுசன், தோளில் உறுமி ஏறிவிட்டால் வேறு ஆள். வளைந்த குச்சியைத் தோலில் வைத்து இழுத்தார் என்றால் கேட்கிறவன் வயிற்றுக்குள் ஏதோ நகரும். அவர் அனுமதியோடு குகன் எல்லாவற்றையும் பதிவு செய்தான். முதலில் அழைக்கிற அடி. அதற்கு ஒரு பெண்மேல் அருள் வந்து ஆடினாள். பிறகு நாகையா குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. வந்தது யார் என்று பூசாரி கேட்க, பதில் வர, அதற்கப்புறம் மெதுவாக, வேறு நடையில், மலையேற்றி அனுப்புகிற அடி. ஆடியவள் சுருண்டு விழுந்து, கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டாள்.

குகனுக்கு வேண்டியது முதல் பகுதி மட்டும். அனுப்புகிற அடி சோம்பலாக இருந்தது, வெட்டினான். நடுவில் இருந்த அமைதியைக் கண் சிமிட்டும் நேரத்துக்குச் சுருக்கினான். அதன் முடிவைக் கொண்டுபோய்ப் பாட்டின் தலையோடு ஒட்டினான். முடிகிற இடமே தொடங்குகிற இடம். கீழே பாஸ், மேலே கொஞ்சம் கைதட்டல். மூலப் பதிவை வழக்கம்போல் அழித்துவிட்டான், இடம் அடைக்கிறதே என்று.

பாட்டு வெளிவந்ததும் நாகையாவே போன் போட்டார். "செம்ம புரோ. என் ரிங்டோனே அதான் இப்போ. கடைசி அடிய மட்டும் காணோமே?"

"கடைசி வரைக்கும் யாருண்ணே கேக்குறாங்க? சுத்திச் சுத்தி வந்தாத்தான் ஓடும்."

நாகையா சிரித்தார். "வந்தவங்கள நிக்க வெச்சிட்டீங்க லா," என்றார். குகனும் சிரித்தான்.

ஓடியது. சும்மா இல்லை, காட்டுத்தீயாக ஓடியது. கல்யாண மண்டபம், லோரி, கார், கைப்பேசியில் ஆளுக்கொரு ஆட்டம். தமிழ் தெரியாதவர்கள்கூட அந்த உறுமிக்குக் கால் தட்டிப் படம் பிடித்துப் போட்டார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுப் பேசி, பாட்டை வாங்கிக்கொண்டது. குகனுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் லோகாவின் கால் தட்டிக்கொண்டே இருந்தது.

சாப்பிடும்போது. துணி மடிக்கும்போது. குளியலறைக்குள், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே. கொண்டை போடாமல் வெளியே போகாதவள், தலையை விரித்துப்போட்டபடி வேலைக்குப் போனாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப நேரமானது. திரும்பிய பிறகும், கூப்பிட்டது யார் என்று யோசிக்கிற மாதிரி பார்த்தாள். வீட்டில் ஒரு வாசனை வேறு, மழையில் நனைந்த கூட்டம் ஒரே அறையில் அடைந்து நிற்கும்போது வருமே, அந்த ஈரத்துணி வாசனை. சன்னல்களைத் திறந்துவைத்தான். போகவில்லை.

அவள் வேலை செய்யும் சரக்குக் கம்பெனியிலிருந்து உஷாராணி அழைத்தாள். "குகன், லோகா சாப்பாட்டு நேரத்துலேர்ந்து போட்டோஸ்டெட் மெஷின் முன்னாலயே நிக்கிறா. கூப்பிட்டா பேச மாட்டேங்குறா. வந்து கூட்டிட்டுப் போங்களேன்."

கிளினிக்குக்குக் கொண்டுபோனான். நரம்புத் தளர்ச்சி, ரெஸ்ட் வேணும் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரையை எண்ணிப் பையில் போட்ட பெண்ணின் கால் மேசைக்கு அடியில் தட்டிக்கொண்டிருந்தது. டக், டகடக், டக். லோகாவின் காலும் அதுவும் ஒரே கால். குகன் மீதிச் சில்லறையை வாங்காமலே வெளியே வந்துவிட்டான்.

அன்று மாலைதான் அவன் அதைப் பார்த்தான். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் பாதம் வீங்கிப்போயிருந்தது, குதிகாலில் தோல் பிளந்திருந்தது, தட்டுவது மட்டும் குறையவில்லை. அவன் பாட்டை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே அந்தக் காலைக் கவனித்தான். ஒட்டின இடம் வந்தது. கால் நின்றது. கண் சிமிட்டும் நேரம், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் லோகா அவனைப் பார்த்தாள்.

அது லோகாவேதான். இத்தனை நாளாக எதிரே உட்கார்ந்திருந்தது அவள் இல்லை என்பது, அவளைப் பார்த்த அந்த நொடியில்தான் அவனுக்கு உறைத்தது. பயந்து, முழுசாக முழித்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

"என்..."

கால் மறுபடி விழுந்தது. கண் வெறுமையானது.

அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தான். ஒட்டு வந்தது. "...னங்..." போய்விட்டாள். மறுபடி சுற்று. "...க."

இத்தனை நாளும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். குகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டு. சில சுற்றில் வெறும் மூச்சு. துண்டுகளைக் கோத்துக்கொண்டே இருந்தான், அதுதானே அவன் தொழில். வெளியே இருட்டிவிட்டது, விளக்குப் போட எழுந்திருக்கவும் பயம். கடைசியில் சேர்ந்து வந்தது இவ்வளவுதான்.

"என்னங்க, வந்துக்கிட்டே இருக்காங்க. உள்ள இடமில்ல."

ஒவ்வொரு சுற்றும் ஓர் அழைப்பு. அனுப்புகிற அடி இல்லை. உலகத்தில் எத்தனை கைப்பேசியில், எத்தனை காரில் அது சுற்றிக்கொண்டிருக்கிறதோ, அத்தனையிலும் வா, வா என்றுதான்.

மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்து பாட்டை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னான். உங்களுக்கு என்ன ஆச்சு பாஸ் என்று சிரித்தார்கள். கெஞ்சினான், கத்தினான். எடுத்தார்கள். எடுத்தும் என்ன, ஆளாளுக்கு நகல் வைத்திருந்தார்கள். அழித்த பதிவை மீட்க முடியுமா என்று நாளெல்லாம் கணினியைக் குடைந்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவனுக்கு. அவள் கால் ஓடிக்கொண்டிருந்தது.

நாகையாவைக் கூப்பிட்டான். வேலை முடிந்து கிடங்குச் சட்டையோடு, உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக வந்தார். லோகாவைப் பார்த்ததும் கேலியெல்லாம் போய்விட்டது.

"கோயில்ல கட்டு இருக்கு புரோ. யாரு வந்தான்னு கேக்க ஆள் இருக்கு," என்றார் மெதுவாக. "ரோட்ல போட்டுக் கூப்பிட்டா, ரோட்ல நிக்கிறவன் எல்லாம் வருவான்."

"அனுப்பிருங்கண்ணே. என்னால முடியல. எப்படியாச்சும் அனுப்பிருங்க."

நாகையா குச்சியை வைத்து இழுத்தார். அந்த மெதுவான அடி. சோம்பல் என்று குகன் வெட்டிப் போட்ட அதே அடி. கூடத்தின் ஈர வாசனை வாசல் பக்கம் நகர்ந்தது, அதை அவன் மூக்கே உணர்ந்தது. லோகாவின் கால் தடுமாறியது. தாளம் தப்பியது. முதல் தடவையாகத் தப்பியது. தப்புத் தாளம் கேட்டு ஒரு மனுசன் அழுதது உண்டென்றால் அது குகன்தான். கால் நின்றது. அவள் சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"என்னங்க," என்றாள் முழுசாக. "தண்ணி."

குகன் ஓடினான். குவளையில் தண்ணீரோடு திரும்பினான். நாகையா இன்னும் அடித்துக்கொண்டிருந்தார், கொஞ்சம்தான் பாக்கி என்று தலையை ஆட்டினார். லோகா கையை நீட்டினாள்.

நாகையாவின் சட்டைப்பையில் போன் அடித்தது.

அழைக்கிற அடி.

குகன் பாய்ந்து போனைப் பிடுங்கித் தரையில் அடித்தான். உடைந்தது. சத்தம் நின்றது. நின்ற பிறகும் கேட்டது. நாகையாவின் குச்சி நடை மாறியிருந்தது. டக், டகடக், டக். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அடிக்கல புரோ," என்றார். "நான் அடிக்கல."

லோகா எழுந்து நின்றாள். கால் விழுந்தது. குவளை உருண்டது.

குகன் வாசலுக்கு ஓடினான். கதவைத் திறந்தான். யாரையாவது கூப்பிட வேண்டும். யாரை என்று தெரியாது.

தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. எங்கும் பாட்டு ஓடவில்லை. தனலெட்சுமி ஆன்டி கேட்டருகே வாளியோடு நின்றார், வாளியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர். அதற்கடுத்த வாசலில் ஒரு குடும்பமே. மோட்டார் சைக்கிளில் ஒருவன், ஹெல்மெட் கழற்றாமல், ஒரு காலைத் தாரில் ஊன்றி. தெரு முனைவரைக்கும். ஒவ்வொரு கேட்டிலும். வெறுங்கால், செருப்பு, பூட்ஸ். எல்லாம் ஒன்றாக விழுந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை.

முதுகுக்குப் பின்னால் உறுமி. அவனுக்குத் தெரியும், ஒட்டு வரப்போகிறது. அந்த இடைவெளியை வெட்டியவன் அவன். இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம். ஒரு மூச்சு அளவு. ஒரு வார்த்தை அளவு.

வந்தது.

உறுமி நின்றது. கால்கள் நின்றன. தெரு முழுக்க முகங்கள் முழித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பின. எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. பின்னால் லோகாவின் வாயும்.

"இட..."

கால்கள் விழுந்தன.