உள்தணல்

அவன் கையிலிருந்த டீ ஆறவே இல்லை.

அவள் அதைக் கவனித்ததுகூடத் தற்செயலாகத்தான். ஊற்றிக் கொடுத்தது எப்போதோ. அதற்குப் பிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, கொடியில் கிடந்த துணிகளை அள்ளி வந்து, பாதியை மடித்தும் வைத்துவிட்டாள். தனக்கென்று ஊற்றி வைத்த டீயில் ஆடை படிந்து, சில்லிட்டுப் போயிருந்தது. அவனோ ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி கதை அளந்துகொண்டிருந்தான். டம்ளரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

"ஏன், டீ பிடிக்கலியா?"

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டினான்.

வழக்கமான கடி. அவளும் வழக்கம்போல முகத்தைச் சுளித்துவிட்டுத் துணியை மடிக்கத் திரும்பினாள். ஆனால் கை மடித்த துணியையே மறுபடி மடித்தது.

வெளியே மேகம் மறுபடியும் கடை விரித்திருந்தது. இந்தக் கோடை முழுக்க இதே வியாபாரம்தான். மதியம் சாய்ந்தால் போதும், மலைக்கு மேலே கருகருவென்று திரண்டு வரும். முழக்கமென்ன, மினுக்கென்ன, ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து நிற்கும். கடைசியில் ஒரு துளிச் சரக்கையும் இறக்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடும். பெய்கிற கொஞ்ச மழையும் பாதி வழியிலேயே காய்ந்து போகும். மண்ணுக்கு வந்து சேர்வது மின்னல் மட்டும்தான். சரிவெங்கும் பைன் ஊசிகள் முழங்கால் ஆழத்துக்குக் காய்ந்து கிடக்க, காற்றில் பிசின் வாடை தொண்டையை அடைக்க, கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று பொறி தட்டியது.

இருவருக்கும் காட்டுத்தீ தடுப்புக் குழுவில் வேலை. அவன் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவன். குழுவில் அவன் பெயரே டேங்கர்தான். அவள் வேலை மரத்தைத் தொட்டுப் பார்ப்பது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், இதற்கெல்லாமா சம்பளம் என்று. மின்னல் இறங்கிய மரம் வெளியே பச்சையாகத்தான் நிற்கும். நெருப்பு அதன் வயிற்றுக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். புகை வராது, பட்டை நிறம் மாறாது. நாள்கணக்கில் அப்படியே கிடந்துவிட்டு, காற்று திசை மாறுகிற ஒரு சாயங்காலத்தில் எழுந்து மலையையே விழுங்கும். உள்தணல் என்பார்கள். அதைப் பிடிக்கக் கருவி புறங்கைதான். உள்ளங்கை காய்ப்பேறிப் போனது, பொய் சொல்லும். புறங்கையிடம் எந்த மரத்தின் பாசாங்கும் செல்லாது.

நேற்று மலை மேட்டில் ஒரு பெரிய பைன் மரத்தில் அவன் சாய்ந்து நின்றிருந்தபோது அதே மரத்தில் மின்னல் இறங்கியது. ஆளைத் தூக்கி எறிந்துவிட்டது. குழு ஆட்கள் அலறிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "யாருடா அங்க கரண்ட் பில் கட்டாதவன்?" என்றானாம். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, கொடுத்துவைத்தவர், நாலு நாள் ஓய்வெடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

மகள் அவன் நெஞ்சில் காதை வைத்துப் படுத்திருந்தாள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர்.

"அம்மா, அப்பாக்குள்ள யாரோ நடக்குறாங்க."

"என்னடி உளர்ற?"

"நிஜமா. சருகு மேல நடக்குற மாதிரி. சரக், சரக்குனு."

"அது உங்க தாய்மாமன்டி" என்றான் அவன். "எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ள பூந்து என்ன இருக்குன்னு துழாவுற ஆளாச்சே."

தன் அண்ணனைச் சொன்னால் அவள் சும்மா விட்டதில்லை. இன்றைக்கு அவன் டம்ளரில் பறக்கும் ஆவியையே பார்த்தாள்.

மின்விசிறி ஒரு முனகலோடு நின்றது. கரண்ட் போய்விட்டது. அந்த அமைதியில் அலமாரி மேலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. குழு மேஸ்திரி.

"தங்கச்சி, நேத்து அடி வாங்கின மரத்த அறுத்துப் பாத்துட்டோம்."

"தணலாண்ணே?"

"ஒண்ணுமில்ல. பானைத் தண்ணி மாதிரி சில்லுனு இருக்கு. நடுவுல ஒரு கருக்கல்கூட இல்ல. இதுலதான் இடி இறங்குச்சான்னு எங்களுக்கே சந்தேகமாப் போச்சு."

"அப்ப நெருப்பு எங்கண்ணே போச்சு?"



"அதான் தெரியல. சுத்தி நிக்கிற மரத்தையெல்லாம் நீ வந்து தொட்டுப் பாத்தாத்தான் உண்டு. இருட்டுறப்ப காத்து திரும்பும்னு சொல்றாங்க. ரோட்டு வளைவுக்கு ஜீப் வரும். பிள்ளைய டேங்கர்கிட்ட விட்டுட்டு வா."

பிள்ளையை அவனிடம் விட்டுவிட்டு.

துணி அடுக்கை எடுத்து வைக்கிற பாவனையில் அவன் பின்னால் போனாள். பழகிய கை தானாக உயர்ந்தது. புறங்கையைத் திருப்பி, தொடாமல், ஒரு விரற்கடை தள்ளி, கழுத்திலிருந்து மெல்லக் கீழே இறக்கினாள், மேட்டில் எத்தனையோ மரங்களுக்குச் செய்வதைப்போலவே. இந்தப் புழுக்கத்தில் அவளுக்குக் காது மடலிலிருந்துகூட வேர்வை சொட்டியது. அவன் சட்டைக் காலர் வெயிலில் காய்ந்த அட்டைபோல விறைத்திருந்தது. பிசின் வாடை ஜன்னல் வழியாக வரவில்லை. அவனிடமிருந்து வந்தது. தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் கீழே, நடு முதுகில், புறங்கை மயிர் சுருண்டது.

கையை இழுத்துக்கொண்டாள்.

காய்ச்சல் உடம்பு முழுக்கப் பரவி இருக்கும். இது ஒரே இடத்தில் இருந்தது. பிறகு அந்த இடம் நகர்ந்தது. படுத்திருந்த ஏதோ ஒன்று புரண்டு படுத்ததைப்போல.

"என்ன, மரத்தத் தொட்டுப் பாக்குறியா?" திரும்பாமலே கேட்டான்.

"பூச்சி. சட்டையில பூச்சி."

"ஓ."

சந்தைக்கடையில் பிறந்து வளர்ந்தவள் அவள். வேண்டிய பொருளை நேராகப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விலை ஏறிவிடும். வேறெதையோ எடுத்துப் புரட்டிக்கொண்டு, போகிற போக்கில் கேட்க வேண்டும். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வாண்டுவ மேஸ்திரி வீட்டக்கா கூப்பிட்டாங்க. போற வழியில விட்டுட்டுப் போறேன்."

"எதுக்கு? நான் இருக்கேன்ல."

"நீங்க ஓய்வெடுங்க."

"இவள மடியில வச்சிருக்கிறதுதான் எனக்கு ஓய்வு." டம்ளரை ஜன்னலில் வைத்தான். அவன் கைகள் குழந்தையைச் சுற்றிக் கோத்துக்கொண்டன. "நேத்து ராத்திரி முழுக்க என் நெஞ்சு மேலதானே தூங்குனா. இல்லடி?"

"அப்பா கணகணன்னு இருந்தாரும்மா" என்றாள் வாண்டு, தூக்கம் கலையாத குரலில்.

அவள் சிரித்தாள். இவ்வளவு நல்ல சிரிப்பை எந்த வாடிக்கையாளருக்கும் அவள் கொடுத்ததில்லை.

"சரி, இருக்கட்டும். எனக்கென்ன, சுமை மிச்சம். அதுக்கு முன்னாடி அந்தப் பின்கதவ ஒரு கை பாருங்க. இறுகிப்போய்க் கிடக்கு, என்னால திறக்க முடியல. காத்தே வரல."

காத்து என்றதும் அவன் முகம் திரும்பியது.

"ஆமா" என்றான். "காத்து வேணும்."

"வாண்டு, இறங்கு. வா, உப்புமூட்டை."

குழந்தை ஒரே தாவலில் அவள் முதுகில் தொற்றிக்கொண்டது. பிஞ்சுக் கைகள் கழுத்தைக் கட்டின. கதகதவென்றிருந்தது. அப்பன் மடிச்சூடு என்று நினைத்துக்கொண்டாள். பெரிய மரத்தில்தான் உள்தணல் தங்கும் என்பது குழுவின் கணக்கு. கன்றுகளை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

அவன் எழுந்தான்.

நாற்காலியின் மரச்சாய்வில் ஒரு தடம். தீய்ந்த பழுப்பாக. ஒவ்வொரு முதுகெலும்பு முடிச்சும் தெளிவாக.

அவன் பின்கதவை நோக்கி நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் சரக். சரக்.

அவள் முன்கதவு வழியாக இறங்கி ஓடினாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. குடியிருப்பில் ஒரு வீட்டிலும் விளக்கில்லை. எல்லாரும் மேட்டில். மேகம் மலையை மூடியிருந்தது. மின்னல் நின்றுவிட்டது. செருப்பு ஒன்று கழன்றது. எடுக்கவில்லை. பின்னால் கதவு திறக்கும் சத்தம். அப்புறம் இழுத்து மூச்சு வாங்கும் ஒரு சத்தம், துருத்தி ஊதுவதைப்போல. அப்புறம் வெளிச்சம். தன் வீட்டுப் பக்கமிருந்து. திரும்பிப் பார்க்கவில்லை.

"கெட்டியா பிடிச்சுக்கோடி தங்கம். ஜீப் வந்துரும்."



சாலை வளைந்தது. வீடு பாறைக்குப் பின்னால் மறைந்தது. கன்னங்கரிய இருட்டு. கை வைத்து நடக்க வேண்டிய இருட்டு.

ஆனால் பாதை தெரிந்தது.

கூழாங்கற்கள் தெரிந்தன. வெளிர்சிவப்பாக. ஜீப் விளக்கு என்று நினைத்தாள். நெஞ்சு குளிர்ந்தது. வளைவைத் தாண்டினாள். ஜீப் இல்லை. யாருமில்லை.

பாதை இருண்டது.

மறுபடி தெரிந்தது.

இருண்டது.

காதோரம் குழந்தை மூச்சை இழுத்தது. கற்கள் சிவந்தன. மூச்சை விட்டது. அணைந்தன.

அவள் நின்றாள். கழுத்தைச் சுற்றியிருந்த கைகளைத் தொடவில்லை. புறங்கையைத் தூக்கவும் இல்லை.

அப்போது காற்று திரும்பியது. பள்ளத்திலிருந்து ஏறி, நேரே முகத்தில். மழைக்கு முந்திய காற்றைப்போல, அவ்வளவு சுகமாக. முதுகில் வாண்டு கிளுகிளுவென்று சிரித்து, காற்றைக் குடிக்க வாயை அகலத் திறந்தாள்.

சரிவு முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, காய்ந்து கிடந்த ஒவ்வொரு பைன் ஊசியும் தனித்தனியாகத் தெரிந்தது.