ராயப்பன் சாமியின் கேட்கிற காது

கரிசல்காட்டில் கோடைக்கு வெடிப்பு விடுவது ஓர் அதிசயமா? சித்திரை பிறந்தால் பூமி பாளம் பாளமாகப் பிளந்துதான் கிடக்கும். ஆட்டுக்குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும், சின்னப்பிள்ளைகள் பந்தைத் தொலைத்துவிட்டு அழும். ஆனால் எந்த வெடிப்பும் தன் இஷ்டத்துக்குக் கோணல்மாணலாகத்தான் ஓடும். ராயப்பன் சாமியின் கல்லறை ஓரத்தில் விட்டிருந்தது மட்டும் கோணவே இல்லை. நூல் பிடித்த மாதிரி நேர் தெற்கே, ஊரைப் பார்த்துக் கிளம்பியிருந்தது.

கல்லறைமேல் வைத்த செவ்வந்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பொன்மணிதான் முதலில் பார்த்தாள். மொட்டை வெயில். காக்கா குருவி சத்தம்கூட இல்லை. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை வெடிப்பில் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தாள். அது எங்கேயும் போய் விழுந்த சத்தம் வரவில்லை. குனிந்து பார்த்தாள். உள்ளேயிருந்து ஈர மண் வாசனை வரவில்லை. சாம்பிராணி வாசனை வந்தது. 

சாமியார் தங்கும் பங்குவீட்டில் சமையல் செய்கிறவள் அவள். சாமி இருந்தவரைக்கும் கஞ்சி, ரசம், ராத்திரிக்கு ஒரு தம்ளர் எருமைப்பால், அவ்வளவுதான். சாமிக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் பாவசங்கீர்த்தனம் சொல்கிறவர்கள் எல்லாரும் வலது பக்கம்தான் முழந்தாளிட வேண்டும். அவர் வலது காதை நடுவிலிருக்கும் தடுப்புப் பலகையின் கண்ணிகளில் ஒட்டிவைத்துக்கொண்டு, யார் எதைச் சொன்னாலும், "அப்புறம்?" என்று கேட்பார். திட்டமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். வெறும் "அப்புறம்?" தான். அதைக் கேட்டால் செய்யாத பாவம்கூட வாயில் வந்துவிடும் என்று ஊரில் சிரிப்பார்கள்.

தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை, பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட்டு வந்தவர் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் ராத்திரி பாலைக் குடித்துவிட்டுப் படுத்தார். விடிந்தபோது ஆள் இல்லை. டவுனிலிருந்து வந்த டாக்டர் நெஞ்சடைப்பு என்றார். எழுபத்திரண்டு வயது, யாருக்குச் சந்தேகம் வரும்? பொன்மணிக்கு வந்தது. கட்டிலடியில் கிடந்த தம்ளரை எடுத்து முகர்ந்தாள். பருத்திக்கு அடிக்கிற மருந்து. சந்தேகமே இல்லை, அதுதான்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் கேள்வி என்ன வரும்? பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? அவள் வீட்டு எருமை, அவள் தம்ளர், அவள் கை. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அன்றிலிருந்து எந்த முகத்தைப் பார்த்தாலும் இவனோ, அவளோ என்று மனசு துருவிக்கொண்டே இருந்தது.

கடைசியில் அது உபதேசியார் வெயிலுமுத்துவிடம் போய் நின்றது. திருவிழாத் தேர் கீழத்தெருவுக்கும் போக வேண்டும் என்று சாமி சொன்னதிலிருந்து அவருக்குச் சாமியைக் கண்டாலே ஆகாது. பங்குவீட்டு அடுப்படிவரை வந்துபோகிற ஆள் வேறு. அடக்கத்தன்று அவர் செய்ததை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பஸ்தர்களைக் கிழக்கே பீடத்துக்குக் கால் நீட்டிப் புதைப்பார்கள். சாமியாரைத் தலைமாற்றி, ஜனங்களைப் பார்த்த மாதிரி வைக்க வேண்டும். கடைசித் தீர்ப்பு நாளில், பூசையில் நின்றது போலவே எழுந்திருக்க வேண்டும் அல்லவா. இந்த மண்ணில் அதுவரை எந்தச் சாமியாரையும் புதைத்ததில்லை. கூட்ட நெரிசலில் வெயிலுமுத்து பழக்கதோஷத்தில் பெட்டியைத் திருப்பி இறக்கவைத்துவிட்டார். கயிற்றை உருவிய பிறகுதான் வெளியூர்ச் சாமியார் ஒருவர் கவனித்தார். "ஆண்டவருக்கு எல்லாத் திசையும் ஒண்ணுதான், மண்ணப் போடுங்க" என்று முடித்துவிட்டார்.

அப்படித்தான் சாமியின் வலது பக்கம் ஊரைப் பார்த்துப் போனது.

வெடிப்பு வளர்ந்தது. கோயில் மதிலுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்தது. ஒருநாள் சாயங்காலம் வெயிலுமுத்து கூடையில் மண் சுமந்து அதில் கொட்டிக்கொண்டிருந்ததைப் பொன்மணி பார்த்துவிட்டாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. மாட்டினான்.

"என்ன அண்ணாச்சி, மூடப் பாக்குதியளோ?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் வெளிறிக் கிடந்தது. "எத்தனை கூடை போட்டாலும் நெறைய மாட்டேங்கு பொன்மணி. கீழ என்னமோ சத்தம் கேக்குது."

"ஒங்க வீட்டுக்கு வந்துரும்னு பயமா இருக்கோ?"

அவர் அவளையே பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"எங்க வீடு மேலத்தெருவுலல்லா இருக்கு. இது போற தெசைய நீயே பாரு தாயீ."

பார்த்தாள். மதில், கருவேலமரம், குழாயடி. அதற்கப்புறம் ஒரே ஒரு ஓட்டுவீடு. எருமை கட்டியிருந்த வீடு.

அவளுடைய வீடு.

நடந்தாள். வெடிப்பும் பக்கத்திலேயே வந்தது. சாம்பிராணி வாசனை குறையவே இல்லை. லாரி ஓட்டுகிற அவள் புருஷன் மிக்கேல் அந்தத் தவக்காலத்திலிருந்து வண்டி எடுக்கவில்லை. முதுகுவலி என்றான். சாப்பாடு வேண்டாம் என்றான். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடச் சொன்னான். அவளும் போட்டாள். ஏன் என்று கேட்டாளா? ஊரையெல்லாம் துருவிய மனசு தன் வீட்டு வாசல்படியை மட்டும் தாண்டவில்லை.

இப்போது தாண்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை. எருமையின் மடியைத் தொட்டே பார்க்காதவன் அன்றைக்குத் தானே உட்கார்ந்து கறந்தான். தம்ளரில் ஊற்றி, சீனி போட்டு ஆற்றி, அவள் கையில் கொடுத்தான். "சாமிக்கு நான் கறந்தேன்னு சொல்லு" என்றான். பெருமையாக இருந்தது அவளுக்கு. பல வருஷம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனதில் மனுஷன் திருந்திவிட்டான் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

பாவி. இந்தக் கையால்.

கோயிலில் சாயங்கால மணி அடித்தது. எருமை தொழுவத்தின் கடைசி மூலைக்கு ஒதுங்கி நின்று நடுங்கியது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். ஒரு குரல் மிக்கேலுடையது. தண்ணீர் காணாத தொண்டை.

தள்ளினாள்.

சிமெண்டுத் தரை வாசலிலிருந்து கட்டில்வரை பிளந்திருந்தது. மிக்கேல் குப்புறக் கிடந்தான். வெடிப்பில் வாயை வைத்திருந்தான். உதடெல்லாம் கறுப்பு மண், ரத்தம்.

"...எப்போதும்வென்றான் ஊரு வெலக்கு ரோட்டுல லாரில அந்தப் பிள்ளைய அடிச்சுப்போட்டு நிக்காம போயிட்டேன் சாமி. கண்ணாடில பாத்தேன். உசுரு இருந்துச்சி. கைய ஆட்டுச்சி."

"அப்புறம்?"

தரைக்குக் கீழேயிருந்து வந்தது. பொறுமையாக. கோபமே இல்லாமல்.

"போலீசுல போயிச் சொல்லு, அப்பதான் மன்னிப்புன்னு சொன்னிய. நீங்க யாருட்டயும் சொல்ல மாட்டியன்னு தெரியும். தெரிஞ்சும் பயந்துட்டேன்."

"அப்புறம்?"

"பால்ல மருந்தக் கலந்தேன் சாமி."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சாமி. வேற இல்ல. சாமி... விட்டுருங்க."

"அப்புறம்?"

மிக்கேல் அழுதான். மூச்சை இழுத்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். எத்தனாவது தடவையோ. எப்போதும்வென்றான் விலக்கு. அந்தப் பிள்ளை. கை.

"ஏங்க," என்றாள் பொன்மணி. அவன் திரும்பவில்லை. அவனால் திரும்ப முடியவில்லை.

ஓடிவிடலாம். வாசல் பின்னால்தான் இருக்கிறது. காலை எடுத்தாள்.

டப்பென்று ஒரு சத்தம். தரை கிளை பிரிந்து விண்டது. மெல்ல, நேராக, அவளுடைய பெருவிரல்வரை வந்து நின்றது. சாம்பிராணி. அதற்கடியில் பருத்தி மருந்து.

"அப்புறம்?"

இந்தத் தடவை அவளிடம்.

வலது பக்கமாக நகர்ந்துதான் முழந்தாளிட்டாள், பழக்கம். "தம்ளர நாந்தான் கழுவுனேன் சாமி," என்றாள். "வாசனை தெரிஞ்சிச்சி. தெரிஞ்சே கழுவுனேன்."

கீழே மண் அசைந்தது. என்னவோ மேலே ஏறி வந்தது. வெடிப்பின் வாயில் வந்து நின்றது.

காது. நரைத்த மயிர் இரண்டு, மடலெல்லாம் கரிசல் மண். வெளுத்துப்போன ஒரு வலது காது, அவள் வாய்க்கு நேராக, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது.