உறையில் இல்லாத பெயர்

காலையில் வந்திறங்கிய பெட்டியைக் காய் நறுக்கும் கத்தியாலேயே கிழித்தார் கணவர். உள்ளே புத்தம் புது இசைத்தட்டுகள்! முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் முப்பது வயலின்களை வைத்து அவர் இசையமைத்த வயல்காட்டுப் பாட்டுகள். பழைய ஒலிநாடாவின் இரைச்சலையெல்லாம் மகன்தான் மூன்று மாதம் ஸ்டுடியோவிலேயே கிடந்து துடைத்துக் கொடுத்திருந்தான்.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'பாடியவர்' என்ற இடத்தில் நாத்தனார் பெயர்... மறுபடியும்!

அன்று ஒலிப்பதிவு நேரத்தில் நாத்தனாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாத்தியக்காரர்கள் காத்திருந்தார்கள். பாட்டுகளைச் சொல்லிக் கொடுத்தவள் இவள்தானே, இவளே பாடினாள். உறை முன்பே அச்சாகிவிட்டதால் பெயர் மட்டும் நாத்தனாருடையது. குரலை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அன்றோடு வாயைக் கட்டிக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்குத் தாலாட்டுக்கூடப் பாடவில்லை. "மறுபடி வெளியிடறப்ப உன் பேருதான்" என்று கணவர் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

அப்போது பார்த்து நாத்தனார் உள்ளே நுழைந்தாள். அவள் உறையை நாத்தனார் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னும் ஆசை தீரலையா உனக்கு? மேடை, மாலை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டியே... இந்த ஒரு வரியையாவது எனக்கு விடக்கூடாதா!"

நாத்தனார் உறையை வாங்கிப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணி! பாடினது நீங்கதான்னு, இந்தத் தடவ உறையில போடச் சொல்லி, என் கைப்பட எழுதிக் குடுத்தேனே! மேடையில 'தட்டுல இருக்கற குரல் எங்கம்மா?'ன்னு கேக்கறப்பல்லாம் ஜலதோஷம்னு சொல்லிச் சொல்லி, எனக்கு நெஜமாவே ஜலதோஷம் பிடிச்சிருச்சு! அண்ணே... அந்தக் கடுதாசி எங்க?"

கணவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல... நானே ஊரைக் கூட்டி, நான் பொய்யன்னு சொல்லணுமா?"

அவள் உறையைப் பிடுங்கிக் கணவர் முன்னால் போட்டாள்.

"இத்தன வருஷமா மனசுக்குள்ள இவளைத் திட்டித் திட்டியே வெந்தேனே... என் பேரை வெட்டினவரு பக்கத்துலயே படுத்திருந்தாரா!"

சத்தம் கேட்டு வந்து வாசற்படியில் நின்றிருந்த மகன் உள்ளே வந்தான். "என்னப்பா இது? அம்மா... பாடுவாங்களா?"

அந்தக் கேள்விதான் அவளை அறுத்தது. அடுப்படியில் நின்றபடியே பாடத் தொடங்கினாள். குரல் கரகரத்தது, நடுங்கியது, பிறகு நிதானப்பட்டது. மூன்றாம் அடியில், ஒரு சொல்லின் நடுவே மூச்சை இழுத்தாள்.

மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இந்த மூச்சு... இரைச்சல்னு நெனச்சு நூறு தடவ வெட்டப் போனேன். மனசு வரல, விட்டுட்டேன். அது நீயாம்மா? மூணு மாசம் காதுக்குள்ள வெச்சிருந்தேனே... பெத்தவ குரலுன்னு தெரியலையே எனக்கு!"

அவள் குனிந்து அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். நாத்தனார் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு விம்மினாள். "சாயங்காலம் தட்டு வெளியீட்டு விழா மேடையில நீங்கதான் அண்ணி... நானே சொல்றேன்."

"மெதுவா... தெருவுல கேக்கப் போகுது" என்று கணவர் ஜன்னலைச் சாத்த எழுந்தார்.

"கேக்கட்டும்" என்றாள் அவள். அடுத்த அடியை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.