நனைந்த தூவி

ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் ஈரம் இருந்தது.

புதுப் பை. மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தண்ணீர் புகாத உறைக்குள் அவரே இறுக்கிக் கட்டியது. அப்படியிருந்தும், உள்ளே கைவிட்டபோது, மெத்தென்று உப்பியிருக்க வேண்டிய வாத்தின் மெல்லிறகுத் தூவி ஊறிய பஞ்சாய்த் திரண்டு விரலிடுக்கில் சில்லிட்டது. மலை வழிகாட்டி கையை உருவி, யாரும் பார்க்காதபடி முழங்காலில் துடைத்துக்கொண்டார்.

கூடாரத்தில் அவரோடு இருந்தது ஒரு பல் டாக்டர் மட்டும்தான், பனிமலைக்குப் புதியவர். பனிப்புயலில் மேலே போகும் வழி அடைபட்டு, வேண்டாவெறுப்பாக இந்தச் சரிவிலேயே தங்க நேர்ந்தது. நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.

"பையை நல்லா உதறிட்டுப் படுங்க சார். தலையை உள்ள இழுத்து மூச்சு விடாதீங்க, தூவி நனைஞ்சுடும்."

"நனைஞ்சா?"

"நனைஞ்சா சூடு நிக்காது. வெறும் துணிதான்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போன குளிர்காலத்தில், இதே சரிவுக்குக் கீழே ஓடையில் விழுந்து நனைந்தது அவருடைய பைதான். கூட வந்திருந்த மனைவியின் தம்பி அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்த நேரம் பார்த்து, இருவர் பையையும் மாற்றிப் போட்டார். ஒரே நிறம், ஒரே அளவு.

"மாமா, என் பை ஈரமா இருக்கே."

"உன் மூச்சுக்காத்துடா. பேசாம படு."

வெகுநேரம் கழித்து, பல் கிட்டிப்போன குரல்: "மாமா, ஜிப்பைக் கொஞ்சம் திறங்க. நானும் உள்ள வந்துக்கிறேன்."

அவர் குறட்டை விடுவதுபோல் கிடந்தார். விடிந்தபோது குரல் இல்லை. மாரடைப்பு என்று வீட்டில் சொன்னார். தம்பி மேல் உயிரையே வைத்திருந்த மனைவி, அதையும் நம்பினாள்.

இப்போது வேறு பை கிடையாது. உள்ளே நுழைந்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்தார். பனிக்காற்று கூடாரத் துணியை அறைந்துகொண்டேயிருந்தது. அணைத்த அடுப்பின் மண்ணெண்ணெய் வாடைக்கு அடியிலிருந்து, பாசி பிடித்த ஓடையின் வாடை மெல்ல மேலே வந்தது. ஈரம் கணுக்காலைத் தாண்டியது. முழங்காலைத் தாண்டியது. காலுக்குச் சூடாக இருக்கட்டும் என்று வைத்த வெந்நீர் பாட்டிலைப் பாதத்தால் தேடினார். பட்டது. ஆனால் ஜில்லென்றிருந்தது.

அதற்கு விரல்கள் இருந்தன.

காலை இழுத்தார். வரவில்லை. யாரோ பிடித்திருந்தார்கள்.

"சார்... டார்ச்சைப் போடுங்க."

வெளிச்சம் வந்தது. டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். பார்த்தார். பின்னால் நகர்ந்து கூடாரச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"இவரு... எப்ப வந்தாரு?"

"யாரு?"

"உங்க பைக்குள்ள."

வழிகாட்டி ஜிப்பைத் தேடினார். கை எழவில்லை. மார்பின் மேல் இன்னொரு கை கிடந்தது. கனமாக. சொட்டச் சொட்ட.

"சார், இழுங்க. என்னை வெளிய இழுங்க!"

டாக்டர் அசையவில்லை.

காதோரம், மூச்சே இல்லாத குரல்.

"கொஞ்சம் நகருங்க மாமா."

உள்ளிருந்து ஜிப் ஏறியது. பல் பல்லாக. மோவாய். வாய். மூக்கு. டார்ச் வெளிச்சம் துணி வழியே நீலமாகக் கசிந்தது. அந்த நீலத்தில், நெற்றியோடு நெற்றி ஒட்டி ஒரு முகம். உறைபனி படிந்த இமைகள் அவர் கன்னத்தில் உரசி, மெல்லத் திறந்தன.