கதவுப் பட்டியலில் ஒரு சிவப்பு டிக்

காலை 10.20.

நாற்பத்தேழாம் எண் ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு சந்துதான் இருந்தது.

சாவிக்காரர் அதற்குள் கையை விட்டுத் துழாவினார். பக்கத்து ஃபைல்களை இழுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அய்யோ" என்றார். முப்பது வருடமாக அந்த ஃபைல் அறை அவர் பொறுப்பு. ஒரு தாள்கூடத் தொலைந்ததில்லை என்று சொல்லிச் சொல்லியே பேரெடுத்தவர்.

தொலைவதற்கு இதைவிட மோசமான நாள் கிடையாது. அண்ணனும் தங்கையுமாக நடத்தும் சின்னத் தணிக்கை அலுவலகம் அது. வேலை செய்பவர்கள் பதினொரு பேர். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரான பிஸ்கட் தொழிற்சாலை, மூன்று வெளிநாடுகளில் கிளை திறக்கப்போகிறது. 'அங்கெல்லாம் உங்களுக்கு ஆள் உண்டா?' என்று கடிதம் வந்துவிட்டது. இல்லை என்றால் அந்த வேலை பெரிய தணிக்கைக் கம்பெனிக்குப் போய்விடும். வேலை போனால் பதினொரு பேரில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரே வழி, உலகச் சங்கம். சொந்தப் பெயரில், சொந்தப் பொறுப்பில் தொழில் நடத்தும் அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும் சங்கம். ஐந்து அலுவலகங்களோடு தொடங்கியது. இன்று நாற்பத்தொரு நாடுகளில் எழுபத்திரண்டு. எழுபத்து மூன்றாவதாகச் சேர ஒரே ஒரு சோதனை. சங்கத்தின் ஆய்வாளர் அம்மா நேரில் வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண் சொல்வார். அந்த ஃபைலைப் பன்னிரண்டு மணிக்குள் அவர் முன்னால் வைக்க வேண்டும்.

அவர் சொன்ன எண் நாற்பத்தேழு. பிஸ்கட் தொழிற்சாலை ஃபைல்.

10.30.

தங்கை நேராகக் குடோன் அக்காவிடம் வந்தாள். இருபது வருடமாகக் கம்பெனிக் குடோன்களில் சரக்கை எண்ணிச் சரிபார்ப்பவள் அக்கா. நூறு மூட்டைக்கு நடுவில் ஒரு மூட்டை காலி என்றால் தட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

"அக்கா, சத்தம் போடாம கண்டுபிடிங்க. அந்தம்மா காதுக்குப் போகக்கூடாது."

"ஆபீஸ்ல இப்ப யார் யார் இருக்கோம்?"

"நான், அண்ணன், டை, சாவிக்காரர், நீங்க. மத்தவங்கெல்லாம் வெளிவேலை."

டை என்பது சீனியர் உதவியாளனின் பட்டப்பெயர். எந்த வெயிலிலும் கழுத்தில் அது இருக்கும். போன வாரம் பெரிய கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தவன். யாருக்கும் தெரியாது என்று அவனுக்கு நினைப்பு.

இருவரும் போனபோது சாவிக்காரர் ஃபைல் அறை வாசலில் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அறையைப் பூட்டலையா?" என்று கேட்டாள் அக்கா.

"பத்து மணிக்கு நம்ம மேடம் கூப்பிட்டாங்கம்மா. மீட்டிங் ரூம்ல ஏசி ஓடலைன்னு. சாவி கதவுலயே தொங்கிட்டு இருந்துச்சு. இருபது நிமிஷம் அந்த ரிமோட்டோட மல்லுக்கட்டினேன். இந்தாங்க, சாவியை நீங்களே வச்சுக்கோங்க. நான் கிளம்பறேன்."

"கிளம்பறது அப்புறம்." சாவியை வாங்கிக்கொண்டாள் அக்கா. "இந்தப் பட்டியலை எப்ப ஒட்டினீங்க?"

கதவின் உள்பக்கம் ஃபைல் பட்டியல் ஒட்டியிருந்தது. "இன்னிக்குக் காலைல ஒன்பது மணிக்கு. புத்தம் புதுசு."

பட்டியல் முழுக்கப் பளிச்சென்று இருந்தது. நாற்பத்தேழுக்கு எதிரே மட்டும் சின்னதாக ஒரு சிவப்பு டிக்.

"இது நீங்க போட்டதா?"

"நான் ஏம்மா போடறேன்?" காதில் செருகியிருந்த நீலப் பேனாவைத் தொட்டுக் காட்டினார்.

தங்கையின் முகம் மாறியது. அந்த அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. மற்ற எல்லோருக்கும் நீலம், சீனியருக்குச் சிவப்பு, பங்குதாரர்கள் இருவருக்கும் பச்சை. யார் எதைச் சரிபார்த்தார்கள் என்று மையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"சிவப்புன்னா டைதான். பெரிய கம்பெனிக்குப் போறவன், போற போக்குல நம்ம தலைல கல்லைப் போட்டுட்டுப் போறான்!"

"அவசரப்படாதீங்க மேடம்."

10.45.

டை நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தான்.

"அந்தம்மா எண் சொன்னப்ப எங்க இருந்தே?"

"மீட்டிங் ரூம்லதான். அப்புறம் நகல் எடுக்க வந்தேன்."

"வேற யார் வெளிய வந்தா?"

"பெரிய சார். ஃபோன் பேசணும்னு."

"உன் பேனாவைக் குடு."

கொடுத்தான். அக்கா ஒரு தாளில் டிக் போட்டாள். தடித்த, ஈரமான, முழுக்கோடு. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஃபைல் அறைக்குப் போனாள். அங்கே மேசையில் பதிவேடும், யாரும் எடுத்துப் போகாதபடி நூலில் கட்டிய பழைய சிவப்புப் பேனா ஒன்றும் இருந்தன. அதை எடுத்து இன்னொரு டிக் போட்டாள். கோடு நடுவில் விட்டுப்போய் மறுபடி தொடர்ந்தது. நூலை இழுத்துப் பார்த்தாள். கதவுவரை எட்டியது, அதுவும் மட்டுமட்டாக.

11.05.

தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் மீட்டிங் அறைக்குள் நுழைந்தாள். தங்கை எதையோ குறித்துக்கொண்டே அந்தம்மாவிடம் பேச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாவின் குறிப்பேட்டில் மேலாக '47' என்று எழுதி வட்டமிட்டிருந்தது. அக்கா அதை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தாள். பிறகு தங்கைக்குக் கண்ணால் ஜாடை காட்டிவிட்டு வெளியே வந்தாள்.

11.20.

அண்ணனின் அறை. அவர் மேசையில் ஒரு காகிதமும் இல்லை. தங்கை கதவைச் சாத்தினாள்.

"சார், உங்க பேனா எங்க?" என்றாள் அக்கா.

அவர் கை தன்னால் சட்டைப்பைக்குப் போனது. பை காலி.

"திருட வந்தவன் டிக் போடுவானா சார்? ஆடிட்டர்தான் போடுவான். ஷெல்ஃப்ல இருந்து ஃபைலை எடுத்தா பட்டியல்ல டிக் போடணும்னு இருபத்தஞ்சு வருஷமாப் பழகின கை. மனசு வேண்டாம்னாலும் அது கேக்காது."

"சிவப்பு டிக்தானே? என்னோடது பச்சையாச்சே" என்றார் அவர் மெதுவாக.

"கலரை மட்டும்தான் எல்லாரும் பாத்தாங்க. அந்த டிக்குல நடுவுல விட்டுப்போயிருக்கு. நூல்ல கட்டின பேனாவால போட்டது. டை கைல அவன் பேனா இருந்துச்சு, சாவிக்காரர் காதுல அவர் பேனா இருந்துச்சு. சொந்தப் பேனா இருக்கறவங்க அந்த நூலை எதுக்குக் கதவுவரைக்கும் இழுக்கணும்? அப்ப பேனா இல்லாத ஆடிட்டர் யாரு? அந்தம்மா நோட்டுல நாப்பத்தேழு பச்சைல இருக்கு. இந்த ஆபீஸ்ல பச்சைப் பேனா ரெண்டுதான். ஒண்ணு மேடம் கைல இருக்கு."

அண்ணன் குனிந்து, கீழ் இழுப்பறையிலிருந்து ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்தம்மா வந்ததும் கையெழுத்துப் போடணும்னு பேனா கேட்டாங்க. குடுத்தேன். அப்புறம் நாப்பத்தேழுன்னதும் ஃபோன் பேசணும்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். உங்க அண்ணிக்கு ஆபரேஷன் நடந்த வாரம் முடிஞ்ச ஃபைல் அது. கடைசிப் பக்கத்துல நான் கையெழுத்துப் போட்ட ஞாபகமே இல்ல. எடுத்துப் பாத்தேன். காலியாத்தான் இருக்கு. பழைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுடலாமான்னுகூட... பேனா மட்டும் கைல இருந்திருந்தா போட்டிருப்பேனோ என்னமோ. மானமே போயிருக்கும்."

தங்கை ஃபைலைப் பிரித்தாள். அவர் பார்த்த அதே பக்கம். கையெழுத்துக் கட்டம் வெள்ளையாக இருந்தது. அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

பின்னால் இன்னொரு தாள். பங்குதாரர் ஒருவர் இல்லாதபோது மற்றவர் படித்துச் சரிபார்த்ததற்கான தாள். ஒவ்வொரு வரிக்கும் பச்சை டிக். கீழே தங்கையின் கையெழுத்து, அறிக்கை வெளியானதற்கு இரண்டு நாள் முந்தைய தேதியோடு.

"அடுத்த பக்கத்தைத் திருப்பக்கூடத் தோணலியா அண்ணா?"

"நீ சொல்லவே இல்லையே!"

"அண்ணி ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க, நீ ஆஸ்பத்திரி வராண்டாவுல நடந்துட்டு இருக்கே. உன்கிட்ட வந்து ஃபைல் கதையா பேசுவாங்க?"

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். பிறகு சிரித்துவிட்டார்.

11.50.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு அண்ணனே போனார். நடந்ததை ஒன்று விடாமல் தானே சொன்னார். ஆய்வாளர் அம்மா முகத்தில் எதுவும் காட்டாமல் கேட்டுக்கொண்டார். அந்த இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களே வந்து சொன்னதால பேசறேன். ஒளிச்சு வச்சது தப்பு. அதை அறிக்கைல எழுதுவேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வந்து பாப்பேன்" என்றார். "சங்கம் எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? ஒரு ஆடிட்டர் படுத்த படுக்கையாயிட்டார். மத்த நாலு ஆபீஸும் அவர் வேலையைப் பங்கு போட்டு முடிச்சுக் குடுத்தாங்க. அவ்வளவுதான். அதை நீங்க ரெண்டு பேரும் ஏற்கனவே வீட்டுக்குள்ளயே செஞ்சுட்டு இருக்கீங்க."

படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். எழுபத்து மூன்று.

வெளியே அக்கா சாவிக்கொத்தைச் சாவிக்காரரின் சட்டைப்பையில் போட்டாள். "ஒரு தாள்கூடத் தொலையல. இனிமேயும் தாராளமாச் சொல்லிக்கலாம்" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கை டையிடம் போய், "உன்னைச் சந்தேகப்பட்டேன்டா, மன்னிச்சுக்கோ" என்றாள். எதற்கு என்று அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஆய்வாளர் அம்மா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எல்லோரும் வழியனுப்ப நின்றார்கள். கார் கதவு திறந்தது.

அண்ணன் இரண்டு படி இறங்கி ஓடினார்.

"மேடம்... அந்தப் பேனா."