பதினேழாவது போர்ட்

கட்டிடத்தின் கணினி வலையில் இருந்தவை நான்கு சுவிட்சுகள். துஷாந்தின் மடிக்கணினித் திரையில் ஐந்து தெரிந்தன.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். ஐந்துதான். நோபல் பார்க் புறநகரின் அந்த முதியோர் இல்லத்தில் மத்தியானத்திலிருந்து அழைப்பு மணிகள் செத்துக் கிடந்தன. படுக்கையில் இருப்பவர்கள் பொத்தானை அழுத்தினாலும் இந்த வலை வழியாகத் தாதியருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அதற்காக ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைப் பாதியில் விட்டு வந்தவனை ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்குள் டெட்டோலும் முகப் பவுடரும் மணத்தன. மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், யாரோ வாயால் மூச்சு விடுவதைப்போல இன்னொரு சத்தமும் இருந்தது. தூசி அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

வேலை பெரிய வித்தை இல்லை. சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு வழி இருந்தால் செய்திகள் வட்டமடித்து எல்லாம் படுத்துவிடும். ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு ஒரு சுவிட்சைத் தலைமையாக்கி, மிச்ச வழிகளை மூடிவைக்கும். சிறிய எண் எதற்கோ அதற்கே தலைமை. முன்பு பொருத்திய புண்ணியவான் எண்ணே கொடுக்காமல் போயிருந்தான். அப்படி விட்டால் பெரும்பாலும் இருப்பதில் பழைய பெட்டிதான் தலைமைக்கு வரும்.

வந்திருந்தது. பதினேழாவது போர்ட்டுக்கு, அதாவது கம்பி செருகும் துளைக்கு, அப்பால், பெயரில்லாமல், அந்த ஐந்தாவது.

துஷாந்த் தன் சுவிட்சுக்கு 8192 கொடுத்தான். பெயரில்லாதது 4096 ஆனது. அவனும் 4096 கொடுத்தான். அது சைபர் ஆனது.

"விசர்ப் பெட்டி!"

அவனும் சைபர் கொடுத்தான். சமமாக இருந்தால் பழையதற்கே தலைமை. மாலை முறைத் தாதி சுஜீவா போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, இன்னும் பெல் வரேல்ல. கணேசலிங்கம் அங்கிளுக்கு மூச்சு இழுக்குது. நான் தனிய எத்தினை அறைக்கு ஓடுறது?"

"பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்!" கத்திவிட்டான். உடனே வெட்கமாக இருந்தது.

பதினேழை மடிக்கணினியிலிருந்தே மூடினான். அதன் விளக்கு அணைந்தது. பதினெட்டு எரிந்தது. பதினெட்டில் கம்பியே இல்லை. அதையும் மூடினான். பத்தொன்பது எரிந்தது. அதிலும் கம்பி இல்லை.

மூச்சுச் சத்தம் கிட்ட வந்தது.

பதினேழின் கம்பி சுவருக்குள் போனது. இழுத்தான். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. முனையில் வெறும் அறுந்த செம்பு.

பயந்தான். ஆனால் அங்கிளுக்கு மணி வேண்டும். மூடியதையெல்லாம் திறந்தான். தன் எண்ணைப் பெரிதாக்கினான். "சரி, நீயே தலைமையா இரு" என்று வாய்விட்டே சொன்னான். நான்கு சுவிட்சுகளும் ஒரேயடியாகப் பச்சையாயின.

போன் அடித்தது.

"அண்ணா, பெல் வந்திட்டுது! ஆனா ஏழாம் அறை மட்டும் விடாமல் அடிக்குது. அங்கிளின்ர பொத்தானை அழுத்திப் பாத்தன், அது வருகுதில்ல."

"அப்ப ஏழாம் அறையில போய் நிப்பாட்டுங்கோ."

"இப்ப ஏழாம் அறை எண்டு ஒண்டு இல்லையே, அண்ணா. நீங்கள் இருக்கிற அறைதான் முந்தி அது."

எதிர்ச்சுவரில், வெள்ளைப் பெயின்டுக்கு அடியில், படுத்திருப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில், வட்டமாக ஒரு புடைப்பு. பழைய பொத்தான். பெயின்ட் வெடித்தது. பெருவிரல் அளவுக்கு ஒரு குழி விழுந்தது. எழும்பியது. மறுபடி விழுந்தது.